கோட்டான் மலையின் கிழக்குச் சரிவை உழாமல் விட்டுவைக்க வேண்டி

அனுப்புநர்:
க. சௌந்தரம்,
(கன்னியப்பன் மனைவி)
மலையடித் தெரு,
மேல்வாணிப்பட்டு கிராமம்,
ஆம்பூர் வழி, வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வனத்துறை அதிகாரி அவர்கள்,
வேலூர்.

பொருள்: எங்கள் ஊர்க் கோட்டான் மலையின் கிழக்குச் சரிவில் வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் மறுபடி துளிர்த்து வருவதால், அவற்றை டிராக்டர் வைத்துப் பிடுங்கித் தைல மரம் நடும் வேலையை நிறுத்தக் கோருவது சம்பந்தமாக.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு, சௌந்தரம் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

1. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இதே விஷயமாக ஆடி மாதம் ஒரு மனு எழுதிக்கொண்டு வேலூருக்கு வந்தேன். தங்கள் அலுவலகம் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த மாட்டாஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன். வாசலில் பெரிய வேப்பமரம் இருந்தது. மரம் இருக்கிற இடம்தானே வனத்துறை என்று நுழைந்துவிட்டேன். அங்கிருந்த டாக்டர் நல்ல மனிதர். முழுக்கப் படித்துப் பார்த்து, முத்திரை போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு பதிலும் வந்தது. எங்கள் ஊர் ஆடுகளுக்குக் குடல்புழு மருந்து கொடுக்க ஆள் அனுப்புவதாக எழுதியிருந்தார். ஆளும் வந்தார். ஆடுகள் சௌக்கியம். மனுவில் கேட்ட காரியம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே மறுபடி எழுதுகிறேன். இந்தத் தடவை போர்டைப் படித்த பிறகே கொடுப்பேன். நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள். எழுத்தில் பிழை இருந்தால் தாங்கள் பெரிய மனது பண்ண வேண்டும்.

2. கோட்டான் மலையைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதை மலை என்று சொன்னால் ஏலகிரி கோபித்துக்கொள்ளும். எங்கள் ஊருக்குப் பின்னால் குந்தியிருக்கிற ஒரு பெரிய குன்று, அவ்வளவுதான். அதன் மேற்குச் சரிவில் தங்கள் இலாகா வைத்த தைல மரங்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பது போல வரிசையாக நிற்கின்றன. அவை ஒருமுறை வெட்டுப்பட்டு லாரி ஏறிக் காகிதக் கூழ் ஆலைக்குப் போய், கட்டையிலிருந்து மறுபடி வளர்ந்தவை. அதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. நட்டவர் வெட்டிக்கொண்டார்.

கிழக்குச் சரிவு வேறு மாதிரி. நான் கல்யாணமாகி வந்த காலத்தில் காட்டை ஏலம் எடுத்து வெட்டுகிற கூப்பு கண்டிராக்டர்கள் அதைச் சூளைக்கும் விறகுக்கும் வெட்டித் தீர்த்திருந்தார்கள். மிச்சத்தை எங்கள் ஊர் ஆடுகள் தீர்த்தன. பாறையும் சரளையும்தான் இருந்தது. பிறகு அந்தப் பெரிய பஞ்சம் வந்த வருஷம் ஊர்க்கிணறு காய்ந்து, பாலாற்று மணலைத் தோண்டித் தண்ணீர் எடுத்தோம். அப்போது மாரியம்மன் கோயிலில் ஊர் கூடிப் பேசி, கிழக்குச் சரிவில் இனி ஆடும் ஏறக்கூடாது, கத்தியும் ஏறக்கூடாது என்று கட்டு வைத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் காக்க ஒரு ஆள் வேண்டும். யாரும் முன்வரவில்லை. என் கணவர் கன்னியப்பன் அப்போதுதான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். கை இரண்டும் தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் நான்தான் ஊட்டினேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு வேலை செய்ய முடியாது, ஆட்டை விரட்ட முடியும் என்று அவரைப் போட்டார்கள். அறுப்புக்கு அறுப்பு வீட்டுக்கு வீடு கொஞ்சம் கேழ்வரகு கொடுப்பார்கள்.

3. ஐயா, அந்த மனிதர் அங்கே ஒரு செடி நட்டதில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. தடி ஒன்றை வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். முதலில் ஆவாரம் வந்தது. அதன் நிழலில் காரையும் சூரையும் வந்தன. அந்த முள்ளுக்குள் குருவி உட்கார்ந்து எச்சம் போட்டு, வேம்பும் உசிலும் வெப்பாலையும் வெள்வேலமும் முளைத்தன. பத்து வருஷத்துக்குள் ஆள் நுழைந்தால் வெளியே தெரியாத அளவுக்கு அடர்ந்துவிட்டது. மழை பெய்தால் முன்பு செம்மண் தண்ணீர் ஒரே ஓட்டமாகத் தெருவுக்கு வரும். பிறகு ஓடையில் மார்கழி வரைக்கும் தெளிவாக ஊறிக்கொண்டிருந்தது.

நான் அவரைக் கேலி பண்ணுவேன். குந்தியபடியே காடு வளர்த்த மனுஷன் உலகத்திலேயே நீதான் என்பேன். அவர் விடமாட்டார். "சும்மா குந்திருக்கறது எவ்ளோ பேஜார்னு ஒரு நாள் குந்திப் பாரு. உன் வாய் சும்மா இருக்குமா?" என்பார். ஆடு வைத்திருந்தவர்கள் அவருக்கு மலைக்கு வாக்கப்பட்டவன் என்று பெயர் வைத்தார்கள். அப்படியானால் நான் யார், இளையாளா என்று கேட்டுவிட்டு நானும் சிரிப்பேன்.

அந்தக் கட்டுப்பாட்டில் ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆவாரம் பட்டைக்கு மட்டும் பெண்கள் முறை வைத்துப் போவோம். அடிக்கட்டையை விட்டு மேலே வெட்டி, தட்டிப் பட்டை உரித்துக் காயவைத்து, ஆம்பூர் பட்டை மண்டியில் அமீர் பாஷாவிடம் போடுவோம். அது தோல் பதனிடப் போகும். வெட்டின ஆவாரம் அடுத்த மழைக்குத் தலை தூக்கிவிடும். இது இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

4. போன வருஷம் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து நந்தகோபால் என்று ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியாக, உயரமாக, மரம் மாதிரியே இருப்பார். டேப்பை எடுத்து ஒவ்வொரு மரத்தையும் கட்டிப் பிடித்து அளந்தார். "இன்னா சார், மரத்துக்கு ரவிக்கை தைக்கப் போறியா?" என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. மரத்தை நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும் என்பது விதியாம். யார் நெஞ்சு, உங்கள் நெஞ்சா என் நெஞ்சா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த மரத்தை அளக்கப் போனார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன். நாம் அடுப்பும் சூளையும் லாரியும் வைத்து விடுகிற புகையில் கரியமில வாயு இருக்கிறது. அது வரவர உலகத்தில் ஜாஸ்தியாகிறதாம். மரம் அதைக் காற்றிலிருந்து வாங்கித் தன் கட்டையிலும் வேரிலும் வைத்துக்கொள்கிறது. உதிர்ந்த இலை மக்கி, மண்ணும் கொஞ்சம் வைத்துக்கொள்கிறது. நட்டு வளர்த்த காடு அதிகம் வைத்துக்கொள்கிறதா, தானாக வளர்ந்த காடு அதிகம் வைத்துக்கொள்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரே மலையில் ஒரு பக்கம் நட்டது, ஒரு பக்கம் தானாக வந்தது, இப்படி ஓர் இடம் கிடைப்பது கஷ்டம் என்றார். இரண்டு பக்கமும் சின்னச் சதுரமாகக் கயிறு கட்டி, அதில் இருந்ததை மட்டும் வேரோடு எடுத்து, காயவைத்து எடை போட்டார்.

எது ஜெயித்தது என்று என் கணவர் கேட்டார். தைல மரம் சீக்கிரம் சேர்க்கிறது, ஆனால் வெட்டி எடுத்துப் போனால் சேர்த்ததும் போய்விடுகிறது. உங்கள் பக்கம் மெதுவாகச் சேர்க்கிறது, கலந்த மரம், வேர் ஆழம், மண்ணிலும் இருக்கிறது. இப்போதே சொல்ல முடியாது, வருஷா வருஷம் அதே மரங்களை அளந்தால்தான் தெரியும் என்றார். என் கணவருக்கு அன்று இருந்த பெருமையை எழுத எனக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக அவர் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்ததாகத்தான் ஊரும் நானும் சொல்லிக்கொண்டிருந்தோம். சர்க்கார் ஆள் ஒருவர் வந்து, நீங்கள் ஒரு காரியம் செய்திருக்கிறீர்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி களியை இரண்டு உருண்டை அதிகமாகச் சாப்பிட்டார்.

5. இனி நடந்ததை எழுதுகிறேன்.

கார்த்திகை வெள்ளிக்கு சோளிங்கர் மலை ஏறுவதாக எங்களுக்கு ஒரு வேண்டுதல். நானும் அவரும் போனோம். அந்தச் சமயத்தில்தான் நந்தகோபால் அவர்கள் திரும்பி வந்து, வருஷா வருஷம் அதே மரத்தை அளப்பதற்காக, கிழக்குச் சரிவு மரங்களுக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் வளையம் போட்டு நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறு எண்ணம் இல்லை.

ஆனால் ஐயா, எங்கள் ஊரில் மரத்தில் பெயிண்ட் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூப்பு ஏலம் போய்விட்டது, கண்டிராக்டர் வண்டியோடு வரப்போகிறான். எங்கள் மாமியார் காலத்திலிருந்து பார்த்த வழக்கம் அது. பெயிண்ட் விழுந்த பிறகு வண்டி வருகிற வரைக்கும் ஊர்ப் பெண்கள் போய் முடிந்ததை எடுத்துக்கொள்வார்கள். பாரஸ்ட் கார்டும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். நந்தகோபால் அவர்கள் ஊரில் நம்பர் என்றால் கணக்கு. எங்கள் ஊரில் நம்பர் என்றால் ஏலம். விளக்கிச் சொல்லக்கூடிய இரண்டு பேரும் நரசிம்மர் சந்நிதியில் நின்றுகொண்டிருந்தோம்.

6. நாங்கள் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினபோது சாயங்காலம். எதிரே பெண்கள் தலைச்சுமையாக விறகோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பச்சை விறகு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் பழக்கப்படி, "இன்னாடி தனபாக்கியம், யாருக்குடி கல்யாணம்? ஊரே வெறவு தூக்குது!" என்று கேட்டேன். தனபாக்கியம் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "யக்கா, வந்துட்டியா? உங்க மலையில பெயிண்ட் வுழுந்துட்ச்சி. கண்டிராக்டர் வர்றதுக்குள்ள ஓடு. அண்ணனையும் கூட்டினு போ. இன்னும் கொஞ்சம் நிக்குது" என்றாள்.

அவள் தலையில் இருந்த கட்டையில் வெள்ளை வளையமும் நம்பரும் இருந்தன. நான் சிரித்த சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கையில் கோயில் பிரசாதப் பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்து, தனபாக்கியத்தின் கையில் கொஞ்சம் கொடுத்தார். பிறகு மலைப் பக்கமாக நடந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மேலே வெட்டுவதற்கு அதிகம் இல்லை.

7. இதில் யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. ஒருவரும் திருட்டுத்தனம் செய்யவில்லை. எப்படியும் போகப்போகிற மரம், யாரோ வெளியூர்க்காரன் லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் நம் அடுப்புக்கு வரட்டும் என்றுதான் ஓடினார்கள். அதைத் தாங்கள் நம்புவதற்காக இதையும் எழுதுகிறேன். நாங்கள் வீட்டுக்குப் போனபோது எங்கள் வாசலில் ஓர் அடுக்கு விறகு இருந்தது. உசிலும் வேம்புமாக, நல்ல கனமான கட்டைகளாகப் பார்த்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, மழை படாமல் தென்னோலை போட்டு மூடி வைத்திருந்தார்கள். கன்னியப்பன் ஊரில் இல்லாமல் போய்விட்டாரே, அவர் பங்கு போய்விடக்கூடாது என்று தனபாக்கியமும் மற்றவர்களும் அவருக்காக எடுத்து வைத்த பங்கு அது. எல்லாரையும்விட எங்கள் பங்குதான் பெரியது.

அதை அவர் எரிக்க விடவில்லை. விற்கவும் விடவில்லை. ஓலை மாற்றி மாற்றிப் போட்டு அப்படியே இருக்கிறது. நான் வறட்டியில் சமைக்கிறேன்.

8. மறுநாள் பட்டை மண்டி அமீர் பாஷா சைக்கிளில் வந்தார். கேள்விப்பட்டு வந்திருக்கிறார். வாசலில் சைக்கிளை நிறுத்தியவர், அடுக்கைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றார். "இன்னாம்மா பண்ணிட்டீங்க? இந்த ஜில்லாவுல ஒரு ஏலம் எனக்குத் தெரியாம நடக்குமா? எனக்கு ஒரு ஆளை அனுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். ஆம்பூருக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் வெகுநேரம் திட்டிவிட்டு, பிறகு என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, பீடி பற்ற வைத்து அவருக்குக் கொடுத்தார். அந்த மனிதருக்கு இந்தச் சரிவால் வருகிற பட்டை எவ்வளவு கம்மி என்று எனக்குத் தெரியும். டேனரிகள் வெளிநாட்டுப் பட்டைச் சாற்றுக்கும் குரோம் உப்புக்கும் மாறிவிட்டன. லாபத்துக்காக அவர் திட்டவில்லை.

அப்புறம் நந்தகோபால் அவர்களும் வந்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், விறகு அடுக்கில் வெள்ளைப் பெயிண்டைத் தேடித் தேடி அளந்தார். பாதி அதற்குள் எரிந்து போயிருந்தது. பெண்கள் வெளியே வந்து, கட்டையைப் புரட்டிக் காட்டி உதவி செய்தார்கள். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுக்கைத் தொடாமல், என் கணவரிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். மேலே சேர்ந்தது போய்விட்டது, வேரிலும் மண்ணிலும் சேர்ந்தது இன்னும் அங்கேயே இருக்கிறது, அதைத் தோண்டாமல் விட்டால் கட்டை மறுபடி எழும் என்றார். அவரை இப்போது வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கே என்று தெரிந்தால் அவருக்கும் எழுதுவேன்.

வனச் சரக அலுவலகத்தில் ஊர் மொத்தமும் போய்த் தலைகுனிந்து நின்று, விதித்த தண்டனையை ஏற்றுக்கொண்டோம். அதைப் பற்றி இந்த மனுவில் எதுவும் கேட்கவில்லை.

9. அன்றிலிருந்து என் கணவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வா, போ, தண்ணி குடு, அவ்வளவுதான். நான் கேலி பேசிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். இப்போது நான் சொன்னது அப்படியே சுவரில் பட்டு என்னிடமே வருகிறது. தனியாகச் சண்டை போட்டுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது கல்யாணமான தங்களுக்குத் தெரியும். ஆனாலும் விடியற்காலையில் தடியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார். காடு இல்லாத காட்டுக்குக் காவல் எதற்கு என்று ஆரம்பத்தில் சிலர் சிரித்தார்கள்.

சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்தது. அடிக்கட்டைகள் துளிர்த்தன. ஒரு மரம் நின்ற இடத்தில் நாலு ஐந்து கிளையாக எழும்பின. உசில் இப்போது என் இடுப்புக்கு மேல். அந்த இளந்தளிர் என்றால் ஆடுகளுக்கு உயிர். அதனால் அவர் முன்பைவிட அதிகமாக ஓட வேண்டியிருக்கிறது. ஊர் மறுபடி கூடி, பழைய கட்டுப்பாட்டை மறுபடி வைத்தது. தனபாக்கியம் தன் ஆடுகளை விற்றேவிட்டாள். யாரும் அவளை விற்கச் சொல்லவில்லை.

10. இந்த நேரத்தில்தான், கிழக்குச் சரிவு அழிந்த காடு என்று முடிவாகி, கட்டைகளை டிராக்டரால் பிடுங்கி, உழுது, புரட்டாசி மழைக்குத் தைல மரம் நடப்போவதாகத் தகவல் வந்திருக்கிறது. ஐயா, மேலே நின்று பார்த்தால் அது அழிந்த காடுதான், மறுக்கவில்லை. எட்டத்தில் பார்த்தால் மொட்டையடித்த பிள்ளைத் தலை மாதிரிதான் இருக்கும். மொட்டையடித்த பிள்ளையைச் செத்ததாக யாரும் எழுதிக்கொள்வதில்லை. தாங்கள் ஒரு தடவை வந்து கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

தைல மரத்தின் மேல் எங்களுக்கு விரோதம் இல்லை. மேற்கே வைத்தீர்கள், யாராவது ஒரு கிளை ஒடித்தோமா? இன்னும் வைக்க வேண்டுமென்றால் ஏரிக்கரை புறம்போக்கு காலியாக இருக்கிறது, ஊரே வந்து குழி தோண்டுகிறோம். ஆனால் கிழக்கையும் மேற்கைப் போல ஆக்கிவிட்டால், எந்தக் காடு காற்றிலிருந்து அதிகம் வாங்கி வைத்துக்கொள்கிறது என்று சர்க்காரே கேட்ட கேள்விக்கு இந்த மலையில் இனி பதில் கிடைக்காது. வேரோடு பிடுங்கினால், எங்கள் அறியாமையால் போனது போக, மிச்சம் இருப்பதும் போய்விடும். நாங்கள் வெட்டியது பெயிண்டைத் தப்பாகப் புரிந்துகொண்டு. தாங்கள் எல்லாம் தெரிந்தவர்கள்.

எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். டிராக்டர் வந்தால் அவர் சண்டை போட மாட்டார். அந்த மனிதருக்குச் சண்டை போடத் தெரியாது, அந்த இலாகா என்னுடையது. சரி என்று தடியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குப் பிறகு விடியற்காலையில் எழுந்திருக்க அவருக்கு ஒரு காரணம் இருக்காது. அவர் எழுந்திருக்காமல் போனால் நான் யாரைக் கேலி பண்ணுவேன்?

11. ஆகவே தாங்கள் தயவு செய்து:

கிழக்குச் சரிவில் டிராக்டர் ஏறுவதை உடனே நிறுத்தும்படியும்,

துளிர்த்த கட்டைகளைத் தானாக வளர விட்டு, அந்த இடத்தைக் காட்டுக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும்படியும்,

நந்தகோபால் அவர்களையோ வேறு ஒருவரையோ அனுப்பி மறுபடி முதலிலிருந்து அளக்க ஏற்பாடு செய்யும்படியும், இந்தத் தடவை நம்பர் எழுதுவதானால் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஊரில் தண்டோரா போடும்படியும்

பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காவலுக்குச் சம்பளம் கேட்கவில்லை. ஆளை மாற்றாமல் இருந்தால் போதும்.

இடம்: மேல்வாணிப்பட்டு
தேதி: 9-9-1985, திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
க. சௌந்தரம்
(சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: தைல மர வரிசைக்காகத் தங்கள் ஆட்கள் சரிவு முழுவதும் அடித்துவிட்டுப் போன அளவுக்குச்சிகள், எங்கள் ஊர் வேலியிலிருந்து பச்சையாக வெட்டிய கிளுவைக் குச்சிகள். ஆவணி மழையில் அவை எல்லாம் வேர்விட்டு இலை விட்டுவிட்டன. போன புதன்கிழமை டிராக்டர் டிரைவர் வந்து பார்த்தார். எது அளவுக்குச்சி, எது காட்டுச் செடி என்று தெரியாததால், எங்கள் வீட்டில் களி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். குச்சிகள் சர்க்கார் சொத்து என்பதால், ஆடு கடிக்காமல் என் கணவர் அவற்றையும் பார்த்துக்கொள்கிறார்.